மின்சார மோட்டார் வண்டிகளின் பிளக் வகைகளும் அவற்றிடையே நிகழ்ந்த போட்டியும்

உழவுக்கு டிராக்டர் வைத்திருப்போர் யாவரும் ஒரு சௌகரியத்தை நன்கு அறிவர். ஒரு கம்பெனியார் செய்த டிராக்டரின் பின்புறத்தில் மற்றொரு கம்பெனியார் செய்த சட்டிக் கலப்பையையோ, கொத்துக் கலப்பையையோ, ரோட்டவேட்டரையோ தடையின்றி மாட்டலாம். கருவியைத் தாங்கும் மூன்று புள்ளி இணைப்பின் அளவுகளும், அதனைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டின் பருமனும், நிமிஷத்துக்கு 540 சுற்று என்னும் வேகமும் பெரும்பான்மையான டிராக்டர்களில் ஒன்றாகவே நிர்ணயிக்கப்பட்டிருப்பது இதற்குக் காரணம். ஆதியில் இவ்வாறு இருக்கவில்லை. ஒவ்வொரு கம்பெனியாரும் தத்தமக்கு இசைந்தவாறு இணைப்பை அமைத்தனர். ஆகவே டிராக்டரை மாற்றியவர் கருவிகளையும் மாற்ற நேர்ந்தது. ஹாரி பெர்குசன் வகுத்த மூன்று புள்ளி இணைப்பு 1939-ல் ஃபோர்டு-பெர்குசன் டிராக்டரில் அமைந்து பரவிய பின்னர், காலக்கிரமத்தில் ஏனையோரும் அம்முறையைக் கைக்கொண்டனர்.

டிராக்டர்கள் அன்று கடந்த இச்சங்கடத்தை மின்சாரக் கார்கள் நம் காலத்திற் கடந்து வருகின்றன. காருக்கு மின்சாரம் ஏற்றும் பிளக்கு உலகில் ஒரே வடிவினதாக இல்லை. ஒரு வகைப் பிளக்கு மற்றொரு வகை வாயிற் பொருந்தாது. பொருந்துமாறு செய்யினும் சிலவற்றில் மின்சாரம் ஏறாது. இப்போட்டியில் தோற்ற வகையை நம்பி வண்டி வாங்கினோரும் நிலையம் அமைத்தோரும் பொருள் நஷ்டம் அடைந்தனர். நம் நாட்டிலும் நிலமுடையோர் பலர் மின்சாரக் கார் வாங்குதலையும், சாலையோர நிலத்தில் மின்னேற்று நிலையம் அமைக்க இடந்தருதலையும் ஆலோசித்துவரும் இக்காலத்தில், இவ்விஷயத்தின் விவரங்களை அறிந்துகொள்ளுதல் பயனுடையதாகும்.

மின்சாரம் இருவகை

வீட்டுக்கும் கிணற்று மோட்டாருக்கும் கம்பிவழியே வருவது ஏ.சி. எனப்படும் மாறு மின்னோட்டம். நம் நாட்டில் அது விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாய்ச் சென்று மீளுகின்றது. பாட்டரியோ டி.சி. எனப்படும் நேர் மின்னோட்டத்தையே ஏற்கும். ஆதலின் கம்பியில் வரும் ஏ.சி. மின்சாரத்தை, பாட்டரியை அடையுமுன் எங்கேனும் ஓரிடத்தில் டி.சி. ஆக மாற்றியே தீரவேண்டும். அவ்விடம் யாது என்பதைப் பொறுத்து மின்னேற்றம் இருவகைப்படும்.

முதல் வகையில், மாற்றும் கருவி காரினுள்ளேயே அமைந்திருக்கும். கார் சுமந்து செல்லவேண்டியதாகையால் அக்கருவி சிறியதாகவே இருக்கும். நம் நாட்டுக் கார்களில் அது பெரும்பாலும் 3.3 கிலோவாட் அல்லது 7.2 கிலோவாட் அளவினது. 30 யூனிட் கொள்ளும் பாட்டரியை 3.3 கிலோவாட் கருவியால் நிரப்ப 9 மணி நேரத்துக்கு மேலாகும். இரவில் வீட்டில் நிறுத்தியிருக்கும் காருக்கு இது போதுமானது.

இரண்டாம் வகையில், மாற்றும் கருவி நிலையத்திலேயே பெரிய பெட்டியாக நிற்கும். ஏ.சி. மின்சாரம் அங்கேயே டி.சி. ஆகிப் பருமனான கேபிள் வழியே நேராகப் பாட்டரியைச் சேரும். முற்கூறிய பாட்டரியை 30 கிலோவாட் நிலையத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நிரப்பலாம். பாட்டரியில் முக்கால் பங்குக்கு மேல் நிரம்பியபின் வேகம் குறைந்துவிடுமாகையால், வழிப்பயணத்தில் 80 விழுக்காடு வரை ஏற்றிக்கொண்டு புறப்படுவதே வழக்கம்.

வீட்டு மின்னேற்றத்தில் பிளக்கு வகையால் பெரிய தொல்லை நேர்வதில்லை. போட்டி முழுவதும் இரண்டாம் வகையாகிய அதிவேக டி.சி. மின்னேற்றத்தைப் பற்றியதேயாம்.

பிளக்கினுள் அமைந்தவை

சாதாரண வீட்டுப் பிளக்கில் மின்சாரம் செல்லும் இரு முனைகளும், நிலத்தொடர்புக்கான ஒரு முனையும் உண்டு. காரின் பிளக்கில் இவற்றோடு சிறிய சமிக்ஞை முனைகளும் இருக்கும். காருக்கும் நிலையத்துக்கும் இடையே செய்தி பரிமாறுவது இவற்றின் வேலை. பிளக்கு முற்றும் பொருந்தியதா, நிலத்தொடர்பு சரியாயிருக்கிறதா, எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்பன தெரிந்தபின்னரே மின்சாரம் விடப்படும். ஆகையால் கையிற் பிடித்த பிளக்கின் முனையில் மின்சாரம் இருப்பதில்லை. மழையில் நனைந்து நிற்பவர் பிளக்கைச் செருகினும் அபாயம் நேராதவாறு இவ்வமைப்பு காக்கின்றது.

ஏ.சி. மின்னேற்றத்தில் இச்செய்தி மிக எளிய முறையில் அனுப்பப்படுகின்றது. நிலையம் 12 வோல்ட் அளவுள்ள துடிப்புக்களை விநாடிக்கு 1000 வீதம் ஒரு கம்பியில் அனுப்பும். ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைக்கொண்டு, எத்தனை ஆம்பியர் வரை எடுக்கலாம் என்பதைக் கார் அறியும். கார் இணைந்தவுடன் அத்துடிப்பின் அளவு 9 வோல்ட்டாகவும், மின்சாரம் ஏற்கச் சித்தமானபின் 6 வோல்ட்டாகவும் தாழும். இம்முறை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பொதுவானது.

டி.சி. மின்னேற்றத்திலோ பாட்டரியின் நிலை, வெப்பம், வோல்டேஜ் முதலியவற்றைக் கார் இடைவிடாது நிலையத்துக்கு அறிவித்துக்கொண்டே இருக்கவேண்டும். இதற்கு விரிவான பாஷையொன்று தேவை. வெவ்வேறு கூட்டத்தார் வெவ்வேறு பாஷையை வகுத்தனர். ஆகவே இரு வகைப் பிளக்குகளுக்கிடையே உள்ள வேற்றுமை வடிவத்தில் மட்டுமன்று, பேசும் பாஷையிலும் உண்டு. வடிவம் மட்டும் வேறுபட்டால் இடையில் மாட்டும் ஒரு சிறு இணைப்பான் போதும். பாஷையும் வேறுபட்டால் இடையிலுள்ள கருவி மொழிபெயர்ப்பாளனின் வேலையையும் செய்தாகவேண்டும். அது விலை மிக்கது, எளிதிற் பழுதுபடுவது.

அமெரிக்காவில் முதற் போட்டி

இப்போட்டி இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிவிட்டது. 1996-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் இ.வி.1 என்னும் மின்சாரக் காரைக் கலிபோர்னியா முதலிய இடங்களிற் குத்தகைக்கு விட்டனர். அதற்கு மின்னேற்றும் சாதனம் துடுப்பு வடிவினது. உலோக முனைகள் ஒன்றையொன்று தொடாமலே, டிரான்ஸ்பார்மரிற் போலக் காந்த விசையால் மின்சாரம் உட்புகும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. அதே காலத்தில் ஃபோர்டு, ஹோண்டா கம்பெனியார் உலோக முனைகள் தொடும் முறையைத் தம் வண்டிகளில் அமைத்தனர். பொது நிலையங்கள் இருவகைச் சாதனங்களையும் பக்கம் பக்கமாக வைக்க நேர்ந்தது.

2001-ல் கலிபோர்னியா மாகாணத்தின் காற்று வள வாரியத்தார், உலோக முனைகள் தொடும் முறையே அம்மாகாணத்துக்குரியது எனத் தீர்மானித்தனர். அடுத்த ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் துடுப்பு முறையைக் கைவிட்டனர். தொடுதலின்றி மின்சாரம் செல்லும் அம்முறை பாதுகாப்பிற் சிறந்ததாயினும், அதிகாரிகளின் ஒரு தீர்மானத்தால் வழக்கொழிந்தது. பிளக்கின் தலைவிதி அதன் குணத்தை மட்டும் பொறுத்ததன்று என்பதற்கு இதுவே முதற் சான்று.

ஜப்பானின் சாடெமோ

அதிவேக டி.சி. மின்னேற்றத்தை முதன்முதலிற் பரவலாக நடைமுறைக்குக் கொணர்ந்தோர் ஜப்பானியர். டோக்கியோ மின்சாரக் கம்பெனி, நிஸான், மிட்சுபிஷி, சுபாரு கார்களைச் செய்யும் பூஜி கம்பெனி ஆகியவற்றின் முயற்சியால் 2010 மார்ச் மாதம் சாடெமோ சங்கம் நிறுவப்பட்டது. ஜப்பானிய மொழியில் ‘தேநீரேனும் அருந்தலாமே’ என்னும் பொருள் தொனிக்க அப்பெயர் இடப்பட்டது. தேநீர் அருந்தும் நேரத்தில் மின்சாரம் ஏறிவிடும் என்பது குறிப்பு. தொடக்கத்தில் 500 வோல்ட், 125 ஆம்பியர், அதாவது 62.5 கிலோவாட் வரை அது தாங்கியது. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிஸான் லீஃப் கார் இம்முறையை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கொண்டு சென்றது.

இம்முறையில் ஒரு குறையுண்டு. சாடெமோ டி.சி. மின்சாரத்துக்கு மட்டும் உரியது. ஆகவே காரில் இரண்டு வாய்கள் வேண்டும்: வீட்டு ஏ.சி. மின்சாரத்துக்கு ஒன்று, சாடெமோவுக்கு ஒன்று. அமெரிக்க, ஜெர்மானிய கம்பெனியார் இதனை விரும்பவில்லை.

ஐரோப்பாவின் தீர்மானம்

ஐரோப்பியருக்கு வேறொரு தேவையும் இருந்தது. அமெரிக்க வீடுகளுக்கு ஒருமுனை மின்சாரமே செல்கின்றது. ஆகவே அமெரிக்கர் 2010-ல் ஏற்ற வட்டவடிவப் பிளக்கில் ஐந்து முனைகளே உண்டு. இதனை வகை 1 என்பர். ஐரோப்பாவில் பல வீடுகளுக்கும் கடைகளுக்கும் மும்முனை மின்சாரம் கிடைக்கும். மும்முனை மின்சாரத்தில் 32 ஆம்பியர் எடுத்தால் ஏறக்குறைய 22 கிலோவாட் கிடைக்கும் என்பது பம்புசெட்டு வைத்திருப்போர் கணக்கிட்டறியக் கூடியதே. அதற்கேற்ப ஜெர்மனியின் மென்னெகஸ் கம்பெனியார் ஏழு முனைகளுள்ள பிளக்கை வகுத்தனர். அது வகை 2 எனப்படும்.

பிரான்சு, இத்தாலி நாடுகளின் மின்சாதனக் கம்பெனியார் சிலர் 2010-ல் ஒன்றுகூடி, குழந்தைகள் விரல் நுழைக்காதவாறு மூடியமைந்த வகை 3 என்னும் பிளக்கை முன்வைத்தனர். சில ஆண்டுகள் பிரான்சில் வகை 3 நிலையங்கள் நிறுவப்பட்டன. ஜெர்மனியிற் புறப்பட்ட கார் பிரான்சிற் புகுந்தால் வேறு கேபிள் தேட நேர்ந்தது. வகை 2 பிளக்கையும் மூடியுடன் செய்யலாம் என்பது காட்டப்பட்டபின் வகை 3-இன் முதன்மையான நியாயம் மறைந்தது.

அதற்கிடையே 2011-ல் அமெரிக்க, ஜெர்மானிய கம்பெனியார் எழுவர் கூட்டாக ஒரு முறையை அறிவித்தனர். ஏ.சி. பிளக்கின் அடியிலேயே டி.சி. மின்சாரத்துக்கான இரு பருத்த முனைகளைச் சேர்த்து, காரில் ஒரே வாய் போதுமாறு செய்ததே அது. இதற்குச் சி.சி.எஸ். என்பது பெயர். வகை 1-இன் அடியில் முனைகள் சேர்ந்தது சி.சி.எஸ். 1, வகை 2-இன் அடியிற் சேர்ந்தது சி.சி.எஸ். 2. முன்னது அமெரிக்காவுக்கு, பின்னது ஐரோப்பாவுக்கு.

2014 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தார் சட்டத்தால் இதனை முடித்துவைத்தனர். 2017 நவம்பர் 18 முதல் புதிதாய் நிறுவப்படும் பொது நிலையங்களில் ஏ.சி.க்கு வகை 2-உம், டி.சி.க்குச் சி.சி.எஸ். 2-உம் கட்டாயமாக இருத்தல் வேண்டும் என்பது கட்டளை. சாடெமோவை அவற்றோடு கூட வைப்பதற்குத் தடை விதிக்கப்படவில்லை. ஆயினும் எது கட்டாயமோ அதனையே கார் செய்வோர் நாடினர். பிரான்சின் வகை 3 சாதனங்கள் நாளடைவில் மாற்றப்பட்டன. ஐரோப்பாவிற் காலந்தாழ்த்தாது தீர்மானம் செய்யப்பட்டமையால் நஷ்டம் சிறிய அளவில் நின்றது.

சீனாவின் வழி

சீன சர்க்கார் 2011-ல் தமக்கெனத் தனி நியமம் வகுத்து 2015-ல் அதனைத் திருத்தினர். அதன்படி காரில் ஏ.சி.க்கு ஒரு வாயும் டி.சி.க்கு ஒரு வாயுமாக இரண்டுண்டு. அந்நாட்டு ஏ.சி. பிளக்கு தோற்றத்தில் ஐரோப்பிய வகை 2-ஐப் பெரிதும் ஒத்திருப்பினும், ஆண் முனையும் பெண் முனையும் இடம் மாறி அமைந்தமையால் ஒன்று மற்றொன்றிற் பொருந்தாது. தொடக்கத்திலேயே நியமம் வகுக்கப்பட்டமையால் சீனாவுக்குள் போட்டியென்பதே எழவில்லை.

அமெரிக்காவில் இரண்டாம் போட்டி

ஐரோப்பாவும் சீனாவும் கட்டளையால் முடித்ததை அமெரிக்கா சந்தைக்கு விட்டது. அங்கே மூன்று வகைகள் ஒரே காலத்தில் நிலவின: நிஸானின் சாடெமோ, பெரும்பாலோரின் சி.சி.எஸ். 1, டெஸ்லா கம்பெனியாரின் சொந்தப் பிளக்கு.

டெஸ்லாவின் பிளக்கு 2012-ல் அக்கம்பெனியின் மாடல் எஸ் காரோடு வந்தது. அது சிறியது, இலேசானது. ஏ.சி., டி.சி. இரண்டுக்கும் அதே இரு பெரிய முனைகளைப் பயன்படுத்துவதால் அடியிற் கூடுதல் முனைகள் தேவைப்படவில்லை. ஆயினும் அதனினும் முக்கியமானது மற்றொன்று. அவ்வாண்டு செப்டம்பரிற் கலிபோர்னியாவில் ஆறு இடங்களிலே தொடங்கி, நெடுஞ்சாலைதோறும் அக்கம்பெனியார் தமது செலவிலேயே அதிவேக நிலையங்களை அமைத்துக்கொண்டு சென்றனர். கார் விற்பவரே நிலையத்துக்கும் பொறுப்பாளராயிருந்தமையால் பழுது பார்த்தல் ஒழுங்காக நடைபெற்றது. ஏனைய கம்பெனியார் கார்களை மட்டும் விற்று, நிலையங்களைப் பிறரிடம் விட்டுவிட்டனர்.

முதலில் வீழ்ந்தது சாடெமோ. நிஸான் கம்பெனியாரே 2020-ல் அறிவித்த தமது அரியா காருக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சி.சி.எஸ். வாயை அமைத்தனர். அமெரிக்காவில் நிலையங்களை நடத்தும் பெரிய கம்பெனிகளுள் ஒன்று, கலிபோர்னியா நீங்கலாக ஏனைய இடங்களில் 2022 முதல் புதிய சாடெமோ சாதனங்களை வைப்பதில்லை எனத் தீர்மானித்தது. பழைய லீஃப் கார்களை வைத்திருந்தோர் தம் வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தும், நெடுவழியில் மின்சாரம் பெறுமிடம் அருகிவரக் கண்டனர்.

அடுத்து, சி.சி.எஸ். 1-க்கே வெற்றி என்று தோன்றியது. 2021 நவம்பரிற் சட்டமான திட்டத்தின்படி அமெரிக்கச் சர்க்கார் நெடுஞ்சாலை நிலையங்களுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கினர். அப்பணத்தால் அமையும் ஒவ்வொரு நிலையத்திலும் சி.சி.எஸ். 1 பிளக்குகள் நான்கேனும் இருத்தல் வேண்டும் என 2023 பிப்ரவரியில் விதித்தனர். ஆனால் அதற்குள் நிலைமை மாறத் தொடங்கியிருந்தது. 2022 நவம்பரில் டெஸ்லா கம்பெனியார் தமது பிளக்கின் அளவுகளை யாவரும் கையாளலாம் என வெளியிட்டு, வட அமெரிக்க மின்னேற்று நியமம் எனப் பெயரும் சூட்டினர். ஏனைய சி.சி.எஸ். நிலையங்கள் அனைத்தையும் கூட்டினாலும் அவற்றைவிட 60 விழுக்காடு மிகுதியான மின்னேற்று முனைகள் தம்மிடம் உள்ளன என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய கணக்கு.

2023 மே மாதம் ஃபோர்டு கம்பெனியாரும், ஜூன் மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியாரும் டெஸ்லாவின் பிளக்கை ஏற்பதாக அறிவித்தனர். ஓராண்டு கழியுமுன் அமெரிக்காவில் கார் விற்கும் பெரிய கம்பெனியார் ஏறக்குறைய யாவரும் அவ்வழியிற் சென்றனர். அந்நாட்டு மோட்டார் எஞ்சினியர்கள் சங்கம் 2023 டிசம்பரில் ஜே 3400 என்னும் எண்ணோடு அதனைப் பொது நியமமாக வெளியிட்டது. இவ்வாறு ஏற்கப்பட்டபோது சி.சி.எஸ். முறையின் பாஷையே அப்பிளக்கிலும் வழங்கும்படி செய்யப்பட்டது. ஆதலின் பழைய சி.சி.எஸ். 1 கார்களை உடையோர் ஓர் எளிய இணைப்பானால், அவர்களுக்குத் திறந்துவிடப்பட்ட டெஸ்லா நிலையங்களிலும் மின்சாரம் பெற முடிந்தது. பாஷை வேறாகிய சாடெமோ கார் உடையோருக்கு அவ்வளவு எளிய வழி இல்லை. 2025-ல் வெளிவந்த புதிய லீஃப் கார் இவ்வரலாற்றை ஒருங்கே காட்டுகின்றது: அதன் டி.சி. வாய் அமெரிக்காவுக்கு டெஸ்லா வகை, ஐரோப்பாவுக்குச் சி.சி.எஸ். 2, ஜப்பானுக்குச் சாடெமோ.

போட்டியால் விளங்குவது

மேற்கூறியவற்றைச் சீர்தூக்கினால் ஓர் உண்மை புலப்படும். காந்தத் துடுப்பு பாதுகாப்பானது, சாடெமோ முந்தியது, சி.சி.எஸ். 1 சர்க்காரின் பணபலம் பெற்றது. இம்மூன்றும் அமெரிக்காவில் நிலைபெறவில்லை. நிலைபெற்றது, வழிநெடுகப் பழுதின்றி இயங்கும் நிலையங்களை உடைய வகை. ஐரோப்பாவிலும் சீனாவிலும் சர்க்காரின் கட்டளை ஒரே வகை நிலையங்களை உண்டாக்கியது. அமெரிக்காவில் ஒரு கம்பெனியாரின் முதலீடு அவற்றை உண்டாக்கியது. எவ்வழியாயினும் பிளக்கை நிலைநிறுத்துவது நிலையமே. காலம் நீடித்த இடத்தில் செலவு முழுவதும் கார் உடையோர் மேலும் நிலையம் அமைத்தோர் மேலும் விழுந்தது.

இந்தியாவில் நேர்ந்தது

நம் நாட்டிலும் இது சிறிய அளவில் நிகழ்ந்தது. 2017-ல் மத்திய சர்க்கார் நியமித்த கமிட்டியார் பாரத் ஏ.சி.-001, பாரத் டி.சி.-001 என்னும் இரு முறைகளை வகுத்தனர். பாரத் டி.சி.-001 சீன முறையைத் தழுவி, 100 வோல்ட்டுக்கு உட்பட்ட பாட்டரிகளுக்கு 15 கிலோவாட் வரை அளிப்பது. அக்காலத்தில் சர்க்கார் அலுவலகங்களுக்கு வாங்கப்பட்ட சிறு கார்களுக்கு அது ஏற்றதாயிருந்தது.

2018 டிசம்பரில் மத்திய மின்சார அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகள், ஒவ்வொரு பொது நிலையமும் சி.சி.எஸ். 2, சாடெமோ, வகை 2, பாரத் முறைகள் இரண்டு ஆக ஐந்தையும் வைத்திருக்க வேண்டும் எனக் கூறின. எவ்வகைக் கார் வந்தாலும் திரும்பிப் போகலாகாது என்பது இதன் கருத்து. ஆயினும் கார்களே அரிதாயிருந்த காலத்தில் ஐவகைச் சாதனங்களுக்கும் முதலிடுதல் யாருக்கும் கட்டுப்படியாகாதது. ஆகவே 2019 அக்டோபரில் நெறிமுறை திருத்தப்பட்டு, வேண்டிய வகையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை நிலையம் அமைப்போருக்கு அளிக்கப்பட்டது.

அதே காலத்தில் கார்களும் மாறின. 2019-ல் வந்த ஹூண்டாய் கோனாவும், 2020 தொடக்கத்தில் வந்த டாடா நெக்ஸான், எம்.ஜி. இஸட்.எஸ். கார்களும் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட பாட்டரியையும் சி.சி.எஸ். 2 வாயையும் கொண்டு வந்தன. பின்வந்தோரும் அதனையே பின்பற்றினர். ஆகவே நம் நாட்டுக் கார்களுக்கு ஏ.சி.யில் வகை 2, டி.சி.யில் சி.சி.எஸ். 2 என்பது நடைமுறையில் நிலைபெற்றது. தாழ்ந்த வோல்டேஜுக்கென நிறுவிய பாரத் டி.சி. பெட்டிகள் இக்கார்களுக்கு உதவவில்லை.

இரு சக்கர வண்டிகளில் ஒருமைப்பாடு பின்னரே தொடங்கியது. ஓசூரில் தொழிற்சாலை நடத்தும் ஏதர் கம்பெனியார் ஏ.சி., டி.சி. இரண்டும் ஒரே பிளக்கிற் செல்லுமாறு வகுத்த அமைப்பைப் பிறரும் கையாள அனுமதித்தனர். அதனை அடிப்படையாகக் கொண்டு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-ல் வகை 7 என்னும் நியமத்தை வெளியிட்டது. கம்பெனியார் யாவரும் இதனை மேற்கொண்டாக வேண்டும் என்னும் கட்டாயம் அந்நியமத்தில் இல்லை; ஆகவே வாங்குவோர் விசாரித்தே வாங்குதல் வேண்டும்.

நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

1. கார் வாங்குவோர் அதன் வாய் எவ்வகை என்பதை முதலிற் கேட்டறிக. சில சிறு கார்களிலும் குறைந்த விலை மாதிரிகளிலும் ஏ.சி. வாய் மட்டுமே உண்டு, டி.சி. நிலையம் அருகில் இருந்தும் அவற்றுக்குப் பயன்படாது. உள்ளூரிலும் சந்தைக்கும் மட்டும் ஓடும் காருக்கு இது குறையன்று. தொலைதூரப் பயணம் செல்வோருக்குச் சி.சி.எஸ். 2 வாய் இன்றியமையாதது.

2. வெளிநாட்டிலிருந்து பழைய காரைத் தருவிப்போரும், முதற்காலத்து மின்சாரக் காரை இரண்டாம் கையில் வாங்குவோரும் பிளக்கு வகையைச் சோதித்தபின்னரே விலை பேசுதல் நன்று. பிளக்கு வழக்கொழிந்த காரின் மதிப்பு, பாட்டரி நன்றாயிருப்பினும் குறைவே.

3. மின்சார டிராக்டர்களும் சந்தைக்கு வந்துள்ளன. சோனாலிகா கம்பெனியார் 2020 டிசம்பரில் ஒன்றை வெளியிட்டனர். இத்தகையவற்றை வாங்குவோரும், அவற்றின் வாய் காருக்குரிய நியமத்தைச் சார்ந்ததா, கம்பெனிக்கே உரியதா எனக் கேட்டறிதல் வேண்டும்.

4. வீட்டில் மின்னேற்ற, 16 ஆம்பியர் சாக்கெட்டுக்குத் தனிக் கம்பியும், முறையான நிலத்தொடர்பும், கசிவு மின்சாரம் கண்டு துண்டிக்கும் சாதனமும் அமைத்தல் அவசியம். மணிக்கணக்கில் இடைவிடாது மின்சாரம் எடுப்பதால் பழைய மெல்லிய கம்பிகள் சூடேறித் தீப்பற்ற இடமுண்டு. நிலத்தொடர்பு இல்லையாயின் காரே மின்சாரத்தை ஏற்க மறுத்துவிடுவதும் உண்டு.

5. பாசனத்துக்கென அளிக்கப்பட்ட பம்புசெட்டு இணைப்பிலிருந்து காருக்கு மின்னேற்றலாகாது. அவ்விணைப்பு விவசாயத்துக்கு மட்டும் உரியது. பிற உபயோகத்துக்குத் திருப்புதல் விதிமீறலாகும், அபராதத்துக்கும் இடமாகும்.

6. பொது மின்னேற்று நிலையம் நடத்துதல் மின்சார விற்பனை ஆகாது, சேவையே ஆகும் என 2018 ஏப்ரலில் மத்திய மின்சார அமைச்சகம் தெளிவுபடுத்தியது. ஆகவே அதற்கு மின்சாரச் சட்டத்தின்படி லைசென்ஸ் தேவையில்லை. நெடுஞ்சாலையோர நிலமுடையோர் தாமே நடத்தலாம். பிறருக்குக் குத்தகைக்கும் விடலாம். ஆயினும் பாதுகாப்பு விதிகளும், மின்வாரியத்தின் தனி இணைப்பும், நிலப் பயன்பாட்டு அனுமதிகளும் வேண்டியனவே.

7. குத்தகைப் பத்திரம் எழுதும்போது, நியமம் மாறினால் சாதனத்தை மாற்றும் செலவு யாருடையது, பழுதானால் எத்தனை நாளிற் சரிசெய்யப்படும், கம்பெனி விலகினால் டிரான்ஸ்பார்மரும் கேபிளும் யாருக்குச் சேரும் என்பனவற்றைத் தெளிவாக எழுதிக்கொள்க. நிலத்தடியிற் புதைக்கும் கேபிளும் டிரான்ஸ்பார்மரும் எவ்வகைப் பிளக்குக்கும் பொது. மாறுவது முனையும் பெட்டியுமே. ஆதலின் அடிப்படை வேலையைச் சிறிது தாராளமாகவும், பெட்டிகளைத் தேவைக்கேற்பச் சிறிது சிறிதாகவும் அமைத்தல் சிக்கனம்.

8. பொது நிலத்தில் நிலையம் அமைக்க விண்ணப்பம் வருமிடத்து, கிராம அதிகாரிகள் பிளக்கு வகை, கிலோவாட் அளவு, பழுது பார்க்கும் பொறுப்பு ஆகியவற்றை விண்ணப்பத்திலேயே கேட்டுப் பெறுதல் தகும். 2022 ஜனவரி நெறிமுறைகள், சர்க்கார் நிலத்தைப் பொது நிறுவனங்களுக்கு இதற்கென அளிக்கும்போது, விற்ற மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் வீதம் வருவாய்ப் பங்கு பெறும் முறையை வகுத்தன. அத்தகைய ஏற்பாட்டில், நிலையம் பழுதுபட்டுக் கிடக்கும் நாட்களில் நிலத்துக்கு வருவாய் இராது என்பதை மறத்தலாகாது.

டிராக்டரின் மூன்று புள்ளி இணைப்பைப் பற்றி இன்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எக்கருவியும் எளிதாகப் பொருந்துகின்றது. காரின் பிளக்கும் அந்நிலையை அடையும். அதுவரை, தமது ஊரைச் சுற்றியுள்ள சாலைகளில் எவ்வகை நிலையங்கள் உள்ளன, அவற்றுள் எவை உண்மையில் இயங்குகின்றன என்பதை நேரிற் கண்டறிந்தபின்னரே பணத்தை இறக்குதல் விவேகமாகும்.